சாலைக் கம்போளத்துச் சந்துகளில் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, திருவனந்தபுரத்துல சாலைப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வருது, வாங்கலாமா?" நான் புரோக்கர் இல்லை, வக்கீலும் இல்லை. பதினெட்டு வருஷமாக இந்தச் சந்துகளில் குடியிருக்கிறேன். பாதிக் காலம் வாடகைக்கு, மீதி சொந்த வீட்டில். நடுவில் ஒரு தடவை அட்வான்ஸ் கொடுத்து மாட்டிக்கொண்டதும் உண்டு. சொன்னதையே சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். பத்திரம் கையெழுத்தாகும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அந்த வேலையை இந்தக் குறிப்பு செய்யாது.

எந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, அதன் இரண்டு பக்கமும் பிரியும் இடவழிகள், ஆரியசாலை, வலியசாலை, அட்டக்குளங்கரைப் பக்கம். கரமனை அக்ரஹாரத் தெருக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசன் அமைத்த சந்தை இது. அன்றிலிருந்தே தமிழ் வியாபாரிகள் இங்கே உண்டு. அரிசி மண்டி, பாத்திரக்கடை, பூக்கடை என்று எங்கே நின்றாலும் தமிழ் காதில் விழும். மலையாளிகளே நம்மை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் இன்னொரு வீடு, அதற்கும் பின்னால் ஒரு கிணறு. இதுதான் இங்கே அமைப்பு.

முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பதா, நேரே வாங்கிவிடுவதா?

வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு முழு வருஷம். ஏன் ஒரு வருஷம் என்றால், ஜூனில் வரும் இடவப்பாதி மழை, ஓணக் கூட்டம், ஐப்பசியில் இடியோடு வரும் துலா மழை, மாசியில் ஆற்றுகால் பொங்கல் என்று நான்கையும் அந்த வீட்டுக்குள் இருந்து பார்த்தால்தான் தெரு எப்படிப்பட்டது என்று தெரியும். ஜனவரி மாதம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தால் எல்லாச் சந்தும் அழகாகத்தான் இருக்கும்.

ஒற்றிக்கு எடுக்கலாமா?

நம் ஊரில் ஒத்தி என்பதை இங்கே ஒற்றி என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்து, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்கோ கடைக்கோ போட்டிருப்பார். அடுத்த ஒற்றிக்காரர் வந்தால்தான் உங்கள் பணம் வரும். பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதி லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள். வீடு ஏற்கனவே பேங்கில் ஈடாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஆதாரத்தில், அதாவது பத்திரத்தில், 'ஆர்' என்று போட்டிருக்கிறது. எத்தனை சென்ட்?

ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆதாரத்தில் 1 ஆர் 21 சதுர மீட்டர் என்றிருந்தால் கிட்டத்தட்ட மூன்று சென்ட். இந்தப் பக்கத்தில் வரும் வீடுகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு சென்டுக்குள்தான். அங்கே அரை சென்ட் வித்தியாசம் என்றால் ஒரு அறையே போச்சு. ஆகவே பழைய ஆதாரத்தில் உள்ள அளவை நம்பாமல், சர்வேயரைக் கூட்டி வந்து சங்கிலி போட்டு அளந்து பாருங்கள். நான் வாங்கிய வீடு ஆதாரத்தில் 2.75 சென்ட், அளந்தால் 2.6. மீதி எங்கே என்று தேடினால் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் இருந்தது. அதற்குத் தகுந்த மாதிரி விலையைக் குறைத்துத்தான் வாங்கினேன், குளியலறையைத் தொடவில்லை.

எதை முதலில் பார்க்க வேண்டும்?

வழியை. வீட்டையும் பத்திரத்தையும் அப்புறம் பார்க்கலாம்.

நான் மாட்டிக்கொண்ட கதை இது. ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. நடுமுற்றம், கிணறு, அயனி மரக் கதவு, எல்லாம் மனசுக்குப் பிடித்துப்போனது. மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். தெருவிலிருந்து வீட்டுக்குப் போக மூன்றரை அடி அகலத்தில் ஒரு இடவழி, முன்வீட்டுச் சுவரை ஒட்டி. காண்பித்த மூன்று தடவையும் அந்த வழியாகத்தான் கூட்டிப் போனார்கள். ஆதாரத்திலும் கிழக்கே எல்லை 'வழி' என்று எழுதியிருந்தது. ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு அந்தப் பக்கம் போனால் வழியின் வாசலில் ஒரு இரும்புக் கேட், பூட்டுப் போட்டு. முன்வீட்டு அம்மா திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். "மோனே, வழி எங்களோடது. அவங்க நல்லவங்க, அதனால விட்டிருக்கோம். நீ யாருன்னு எனக்குத் தெரியாதே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், தண்ணீரும் கொடுத்தார். முன்வீட்டு முன்னாதாரத்தை (தாய்ப்பத்திரத்தை) எடுத்துப் பார்த்தால், அந்த மூன்றரை அடியும் அவர்கள் அளவுக்குள். நமக்கு எழுதப்பட்டிருந்த 'வழி' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை அடி என்று ஒரு வார்த்தை இல்லை.

சட்டத்தில் ஒரு பிடி உண்டு. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு வழியை இருபது வருஷம் தடையில்லாமல், உரிமையாக, வெளிப்படையாக அனுபவித்துவந்தால் அது உரிமையாகும். ஆனால் 'உரிமையாக' என்ற சொல்லில்தான் சிக்கல். அவர்கள் அனுமதித்து நீங்கள் நடந்தால் அது உரிமை ஆகாது. இருபது வருஷம் நடந்ததை நிரூபிக்க இன்னும் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். நான் விலகிக்கொண்டேன். எட்டு மாதம் அலைந்து இரண்டு லட்சம் திரும்பி வந்தது. ஒரு லட்சம் படிப்புக் கட்டணம் என்று வைத்துக்கொண்டேன்.

ஆகவே உங்கள் ஆதாரத்தில் வழி எத்தனை அடி அகலம், எத்தனை நீளம், யாருடைய சர்வே எண் வழியாக, வண்டி போகவா நடக்க மட்டுமா என்று எழுத்தில் இருக்க வேண்டும். முன்வீட்டு ஆதாரத்திலும் அதே வழி இருக்க வேண்டும். இது காகிதச் சோதனை. இன்னொன்று, என்னோடு வந்த கோட்டாறு மாமா ஒருவர் சொன்னது: "கல்யாண ஊர்கோலம் வராட்டா பரவால்ல மக்கா. கட்டில் திரும்புமா, பாடை திரும்புமான்னு பாரு." அமங்கலமாகத் தோன்றும். ஆனால் ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியாத மூலை உள்ள சந்துகள் இங்கே நிஜமாகவே உண்டு. தீயணைப்பு வண்டி பற்றிக் கேட்கவே வேண்டாம். சாலைக் கடைத்தெருவில் தீப்பிடிப்பது புதிதல்ல. வீட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக், பட்டாசு, பெயின்ட் கிட்டங்கி இருக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

ஆதாரம் மலையாளத்தில் இருக்கிறது. என்ன என்ன சொற்களைக் கவனிக்க வேண்டும்?

ஆதாரம் என்பதே நாம் பத்திரம் என்று சொல்வது. விலைக்கிரயம் தீறாதாரம். தாய்ப்பத்திரம் முன்னாதாரம். பங்கு பிரித்தது பாகபத்திரம். குடும்பத்துக்குள் எழுதிவைப்பது தனநிச்சயம் அல்லது இஷ்டதானம். விடுதலைப் பத்திரம் ஒழிமுறி. பட்டா மாற்றுவதைப் போக்குவரவு என்பார்கள்; போக்குவரத்து என்று வாசித்து முழிக்க வேண்டாம். கரம் என்றால் நிலவரி. தண்டப்பேர் என்பது வில்லேஜ் ஆபீஸில் உங்கள் பெயருக்கு உள்ள கணக்கு எண்.

இதில் ஆளைக் கவிழ்க்கும் சொல் ஒன்றுதான்: 'நிலம்'. தமிழில் எந்த மண்ணும் நிலம். கேரள வருவாய்ப் பதிவில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டும் மனை 'புரையிடம்'. நகரத்துக்குள், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு நாற்று கிடையாது, ஐம்பது வருஷமாக வீடு நிற்கிறது. ஆனால் பதிவில் நிலம் என்றே இருக்கலாம். 2008-இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதைச் சும்மா விட முடியாது. இடித்துக் கட்ட அனுமதி கேட்கும்போது மறிக்கும், பேங்க் கடனும் மறிக்கும். சட்டம் வரும் முன்பே நிரப்பிய மண் என்று காட்டி வகை மாற்ற வழி உண்டு, அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை நடக்க வேண்டும். ஆதாரத்தில் புரையிடம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. வில்லேஜ் ஆபீஸில் உள்ள அடிப்படை வரிப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எழுதியவர் விருப்பத்துக்கு ஆதாரத்தில் எதையும் எழுதலாம், பதிவேடு மாறாது.

வாசிக்கத் தெரியாது என்றால் வீட்டில் பெரியவர்களிடம் காட்டுங்கள். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்தவைதானே. எங்கள் தாத்தா வீட்டுப் பெட்டியில் இருந்த ஆதாரங்கள் பாதிக்கு மேல் மலையாளம். அந்தத் தலைமுறைக்கு இந்தச் சொற்கள் தண்ணீர் பட்ட பாடு.

பட்டா, சிட்டா கேட்டால் விற்பவர் சிரிக்கிறாரே?

அந்தக் காகிதங்கள் இங்கே அந்தப் பெயரில் இல்லை. கேட்க வேண்டியவை: அசல் ஆதாரம், முன்னாதாரங்கள், இந்த வருஷம் கரம் கட்டிய ரசீது, கைவசச் சான்று, லொக்கேஷன் ஸ்கெச், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று. இங்கே அதைக் குடிக்கடச் சான்று அல்லது பாத்தியதாச் சான்று என்பார்கள். கட்டிடத்துக்கு மாநகராட்சியின் உடைமைச் சான்றும் கட்டிட வரி ரசீதும் வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் டி.சி. நம்பர் ஒன்று உண்டு. மாடியை அப்புறம் கட்டியிருந்தால் அதற்கும் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த மாடி காகிதத்தில் இல்லாத மாடி.

அசலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆதாரத்தைப் பேங்கில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால், அது வில்லங்கச் சான்றில் எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது. "அசல் தொலைஞ்சு போச்சு, நகல் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

விற்பவர் ஒருவர்தான், ஆனால் வீடு தாத்தா காலத்து வீடு. பயப்பட வேண்டுமா?

ஆமாம், கொஞ்சம் பயப்படுங்கள். இங்கே பழைய வீடு என்றால் பங்காளிகள் மும்பையிலும் துபாயிலும் இருப்பார்கள். கேரளத்தில் 1975-இல் இந்துக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்து 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். தாய்வழிச் சொத்துரிமை உள்ள மருமக்கத்தாயத் தறவாடானாலும் தமிழ்ப் பிராமணர் வீடானாலும், அன்றைக்கு உயிரோடிருந்தவர்களுக்குத் தனித்தனிப் பங்கு என்றாகிவிட்டது. ஆகவே அந்த நாளில் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதே முதல் கணக்கு. பெண் மக்கள் பங்கை 'அவளுக்கு நகை போட்டாச்சு' என்று வாய்ப்பேச்சில் முடித்திருப்பார்கள். வாய்ப்பேச்சு செல்லாது, ஒழிமுறி வேண்டும். பங்காளியில் மைனர் பிள்ளை யாராவது இருந்தால், அப்பா அம்மாவே கையெழுத்துப் போட்டாலும் கோர்ட் அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை விற்க முடியாது. பிள்ளை பெரியவனான பிறகு வந்து கேட்கலாம். ஒரு தாளில் வம்ச விருட்சம் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொல்லம், திருநெல்வேலி, மும்பை என்று ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். அலுப்பாக இருக்கும், வேறு வழியில்லை.

கீழே கடை, மேலே வீடு. கடைக்காரர் முப்பது வருஷமாக வாடகைக்கு இருக்கிறார். வாங்கினால் காலி செய்வாரா?

அவராக மனது வைத்தால் உண்டு. 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குத்தகைதாரர் பக்கம் சாய்ந்த சட்டம். 'எனக்குச் சொந்தத் தேவை' என்று மனுப் போடலாம். ஆனால் விலைக்கு வாங்கியவர், வாங்கிய தேதியிலிருந்து ஒரு வருஷம் முடியும்வரை அந்தக் காரணத்தைச் சொல்லி மனுப் போடவே முடியாது. அதன் பிறகும், அந்தக் கடை வருமானத்தை நம்பித்தான் பிழைக்கிறார், பக்கத்தில் வேறு இடமும் கிடைக்காது என்று அவர் காட்டினால் மனு தள்ளுபடியாகும். சாலையில் ஒரு கடை போனால் இன்னொன்று கிடைப்பது லேசா? முன்னே பகடிப் பணம், அதாவது கடைக்குள் வரவே ஒரு மொத்தத் தொகை, கொடுத்து உள்ளே வந்தவர் என்றால் பேச்சு இன்னும் நீளும்.

'ஆள் இருக்கிற வீடு, அதனால விலை குறைவு' என்பார்கள். குறைவுதான், காரணத்தோடு. பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரியவரைக் காலி செய்யச் சொல்லிப் பத்து வருஷம் வழக்கு நடத்துவதைவிட, அவர் வாடகையைப் பேசி ஒழுங்காக வாங்கிக்கொண்டு மேலே குடியிருப்பது நிம்மதி. எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பம் அப்படித்தான் இருக்கிறது. சொல்லப்போனால் பகல் முழுக்கக் கீழே ஆள் இருப்பதே ஒரு காவல்.

பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்?

முத்திரைத்தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 10. தமிழ்நாட்டில் 2023-க்குப் பிறகு 7-உம் 2-உம் சேர்த்து 9. ஒரு பேச்சுக்கு 60 லட்சம் ரூபாய் வீடு என்றால் இங்கே 6 லட்சம். அரசு நிர்ணயித்த நியாயவிலை, நீங்கள் பேசிய விலை, இரண்டில் எது கூடுதலோ அதன் மேல் கணக்கு. நியாயவிலையை 2023 ஏப்ரலில் 20 சதவீதம் ஏற்றினார்கள். ஆகவே பழைய கணக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆதாரம் எழுதுபவர், வக்கீல், சர்வேயர், புரோக்கர் எல்லாம் தனி.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதத்தை விற்பவர் தொகையில் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. 'பாதி வெள்ளை, பாதி கறுப்பு' என்று புரோக்கர் சொல்வார். அட்வான்ஸ் திரும்பி வர வேண்டிய நாள் வந்தால் கறுப்புக்கு ரசீது இருக்காது. என் ஒரு லட்சம் அப்படிப் போனதுதான்.

பழைய ஓட்டு வீடு, பொதுச்சுவர். வாங்கலாமா?

வலியசாலை, கரமனை அக்ரஹார வீடுகள் ரயில் பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி இருக்கும். திண்ணை, ரேழி, முற்றம், அடுக்களை, கொல்லை என்று நீளமாகப் போகும். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு பொது. பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்ட ஆரம்பித்தால் உங்கள் உத்திரம் தொங்கும் சுவர் அது. சுவரில் யாருக்கு எவ்வளவு உரிமை, மழைத் தண்ணீர் யார் கூரையிலிருந்து யார் முற்றத்தில் விழுகிறது என்று இரண்டு ஆதாரத்திலும் பாருங்கள். இல்லை என்றால் வாங்குவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் அது சண்டை.

கூரை மரத்தைத் தட்டிப் பாருங்கள். தேக்கும் அயனியும் நூறு வருஷம் தாங்கும். கறையான் ஏறினால் வெளியே பாலிஷ் மாதிரி இருக்கும், உள்ளே அப்பளம். பேனாக்கத்தியால் உத்திரம் சுவரில் நுழையும் இடத்தில் குத்துங்கள், அங்கேதான் முதலில் போகும். சுண்ணாம்புக் காரை பூசிய வெட்டுக்கல் சுவரின் மேல் புதிதாக சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்து விற்கிறார்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் இரண்டு மழைக்காலத்தில் பொருபொருவென்று உரியும். பளபளவென்று இருக்கும் பழைய வீட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான்.

இடித்துவிட்டு மூன்று மாடி கட்டலாமா?

2019-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிக் கட்டிட விதிகளில் 125 சதுர மீட்டருக்குள் உள்ள சின்ன மனைகளுக்குத் தனி அத்தியாயமும் கொஞ்சம் தளர்வும் உண்டு. மூன்று சென்ட் 121 சதுர மீட்டர் என்பதால் அதற்குள் வரும். இருந்தாலும் முன்னால், பின்னால், பக்கத்தில் இடம் விட்டே ஆக வேண்டும். பக்கத்து மனைக்காரர் எழுத்தில் சம்மதித்தால் ஒரு பக்கம் ஜன்னல் இல்லாமல் எல்லையோடு ஒட்டிக் கட்ட வழி இருக்கிறது. இப்போது நிற்கும் வீடு எல்லை முழுக்க நிற்கிறது என்பதால் புதியதும் அப்படியே நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். இடித்த மறுநாளே நீங்கள் இன்றைய விதிக்குள் வந்துவிடுவீர்கள், மூன்று சென்ட் வீடு இரண்டு சென்ட் வீடாகும். எனக்குத் தெரிந்து பலர் இடிக்காமல் உள்ளேயே மராமத்து செய்து இருப்பது இதனால்தான்.

கோட்டைப் பகுதி பாரம்பரிய மண்டலம். பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய தெருக்களில் கலை, பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். ரோடு அகலப்படுத்தும் கோடு உங்கள் மனை மேல் விழுகிறதா என்று மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மழை பெய்தால் வெள்ளம் வருமா?

சில சந்துகளில் வரும், சிலவற்றில் வராது, இரண்டுக்கும் நடுவில் ஐம்பது அடிதான் இருக்கும். தம்பானூர், கிழக்கேகோட்டைப் பக்கம் விழும் மழை போகும் வழி ஆமயிழஞ்சான் தோடு என்ற ஓடையும் அதன் கிளைகளும். ஆக்கிரமிப்பாலும் குப்பையாலும் அது அடைத்துக் கிடந்தது. 2015-இல் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரில் ஓடைகளைத் திறந்துவிட்டார்கள், கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் அந்த ஓடையைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். குப்பை அவ்வளவு. கிள்ளியாற்றங்கரையில் வீடு பார்த்தால் ஆறு ஏறும்போது எங்கே வரை வந்தது என்று கேளுங்கள்.

விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. வாசல்படியைப் பாருங்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் வாசலில் முக்கால் அடி சிமென்ட் கட்டு இருந்தால், அது எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்ஜைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

குடிதண்ணீர் அருவிக்கரையிலிருந்து வருகிறது, பொதுவாகக் குறை இல்லை. குழாய் உடைந்தால் இரண்டு மூன்று நாள் குடம் தூக்க வேண்டும். கழிவுக் குழாய் நகரத்தின் இந்தப் பழைய பகுதியில் உண்டு, முட்டத்தறை சுத்திகரிப்பு நிலையம் வரை போகிறது. அதில் உங்கள் வீடு இணைந்திருக்கிறதா அல்லது நேரே ஓடையில் விடுகிறார்களா என்று மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு.

கூட்டமும் சத்தமும் எப்படி?

விடியற்காலை மூன்று மணிக்கு லாரி வரும். ஓணத்துக்குப் பத்து நாள் முன்னிருந்து தெருவில் நீங்கள் நடக்க வேண்டாம், கூட்டமே கொண்டுபோய் விடும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை தாண்டிக் கரமனை வழியாக ஊருக்குள் வருவார்கள். குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலில்தான் தங்குவார். நம் ஊர்ச் சாமி நம் தெருவுக்கு வருகிறது என்று என் மனைவிக்கு அது ஒரு தனிப் பெருமை.

ஆற்றுகால் பகவதி கோயிலுக்குப் பெண்கள் தெருவிலேயே அடுப்பு வைத்துப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்கல் நாள் வேறு கணக்கு. 2009-இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் ஏறிய கூட்டம். முந்தின நாள் சாயங்காலமே செங்கல் மூன்றை வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். உங்கள் வாசல்படியிலும் ஒரு அடுப்பு இருக்கும். அன்றைக்குக் கதவைத் திறந்து வைப்பது இந்தத் தெருக்களின் வழக்கம். யாரென்றே தெரியாத பெண்கள் வந்து குளியலறை கேட்பார்கள், கொடுக்க வேண்டும். சாயங்காலம் வாசலில் ஒரு கிண்ணம் பாயசம் இருக்கும், யார் வைத்தது என்று தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு மாநகராட்சி வந்து அந்தச் செங்கலை எல்லாம் அள்ளிப் போய் ஏழைகள் வீடு கட்டக் கொடுக்கும். புகையும் அந்நியரும் ஆகாது என்பவர்கள் சாஸ்தமங்கலம் பக்கம் வீடு பாருங்கள்.

கார் நிறுத்தலாமா? சாமான் இறக்குவது எப்படி?

கார் நிறுத்த முடியாது. மாதவாடகைக்கு வெளியே இடம் பிடிக்கலாம், இல்லை என்றால் ஸ்கூட்டர். வீட்டுச் சாமான் வந்தால் சுமட்டுத் தொழிலாளர் யூனியன் வரும். பார்த்துக்கொண்டு நின்றதற்கே கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசு தடை செய்துவிட்டது. ஆனால் உண்மையில் இந்தச் சந்தில் பீரோ திருப்பத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். கூலியை முன்கூட்டிப் பேசுங்கள்.

குப்பை?

ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்ததாக வாங்கிக்கொள்வார்கள், மாதக் கட்டணம் உண்டு. விளப்பில்சாலைக் குப்பைக் கிடங்கு 2011 டிசம்பரில் மூடியதிலிருந்து சமையலறைக் கழிவு உங்கள் பாடு. கொல்லையில் உரத்தொட்டிக்கு இரண்டடி இடம் வேண்டும்.

பிள்ளைகளின் தமிழ் என்ன ஆகும்?

சாலைப் பகுதியிலேயே அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. எந்தப் பள்ளி என்றாலும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலையாளம் படிக்க வேண்டும், படிக்கட்டும், நல்லதுதான். என் மகன் வீட்டில் தமிழ் பேசுவான், கணக்கு மலையாளத்தில் கூட்டுவான், கோபம் வந்தால் நாகர்கோவில் தமிழ்.

சந்து வேண்டாம், பக்கத்திலேயே ஃபிளாட் வாங்கினால்?

வழி, சுவர், பங்காளி மூன்று தலைவலியும் போகும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்த கட்டிடமா, பிரிக்கப்படாத நிலப்பங்கு ஆதாரத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்கு ஃபிளாட்டைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஆசை இல்லை.

வீடு பார்க்க எந்த நேரத்தில் வருவது?

மூன்று தடவை வாருங்கள். விடியற்காலை நாலரைக்கு ஒரு தடவை, சனிக்கிழமை சாயங்காலம் ஏழுக்கு ஒரு தடவை, நல்ல மழை நின்ற அரை மணி நேரத்தில் ஒரு தடவை. மூன்றாவது தடவை புரோக்கரைக் கூப்பிடாமல் வந்து, சந்து முனை டீக்கடையில் உட்காருங்கள். இன்னார் வீடு விலைக்கு வருதாமே என்று மெதுவாகத் தொடங்கினால் போதும். கேஸ் எத்தனை வருஷமாக நடக்கிறது, எந்தத் தம்பி கையெழுத்துப் போட மாட்டான், கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் வற்றும் என்பதெல்லாம் இரண்டாவது டீ வருவதற்குள் வந்துவிடும்.